பதிமூன்று ஏ

லிஃப்டில் நான்கு இல்லை. பதினான்கும் இல்லை.
மூன்று ஏ, பதிமூன்று ஏ என்று
பொத்தான்கள் மழுப்புகின்றன.
"நாலு ஆகாது-லா, அப்புறம் விலை ஏறாது" என்றார்
ஏஜெண்ட் கூய்.

ஹாலில் நின்றால் செந்தூல் தண்டவாளம் தெரிந்தது.
சத்தியசீலன் குழாய்களைத் திறந்து மூடினார்,
சுவரை விரல் முட்டியால் தட்டினார்,
தேங்காய் வாங்குகிறவர் போல.
நான் விதிப் புத்தகம் கேட்டேன்.
"சாவியோட தருவாங்க" என்றார் கூய்.
தாலி கட்டியபின்
மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்வார்களாம்.

கீழே மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் சுரயா
ஒரு பக்கம் இருபது காசு என்று நகலெடுத்துத் தந்தாள்.
நாற்பத்தாறு பக்கம். ஒன்பது ரிங்கிட் இருபது காசு.
ஐந்து லட்சத்து முப்பதாயிரம் ரிங்கிட் வீட்டில்
நான் வாங்கிய முதல் பொருள் அது.

இரவு வார்டில், மூன்று மணிக்கு,
ஏழாம் கட்டில் கிழவர் கடைசியில் தூங்கிவிட்டபின்
பென்சிலோடு உட்கார்ந்தேன்.
ஒரு பக்கம் சட்ட மலாய், மறுபக்கம் சட்ட ஆங்கிலம்.
நடுவில் நான் தமிழில் கோபப்பட்டேன்.

பால்கனியில் துணி காயக்கூடாது.
வாசலில் ஒரு ஜோடிச் செருப்புக்கு மேல் கூடாது
(தீபாவளிக்கு என் அண்ணன் வீடு மட்டுமே ஏழு ஜோடி).
பொதுத் தரையில் எந்தத் தூளும் கொட்டக்கூடாது:
சிமெண்டை நினைத்து எழுதியவர்
கோலமாவையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்.
பக்கவாட்டில் பெயர் எழுதிய வாகனம்
இரவு உள்ளே நிற்கக்கூடாது.
சத்தியனின் கேட்டரிங் வேனில்
பெயர் மட்டுமா, போன் நம்பரும் இருக்கிறது,
ஒரு சிரிக்கும் கத்தரிக்காயும்.

சதுர அடிக்கு முப்பத்தெட்டு காசு.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அடிக்கு
மாதம் முன்னூற்று நாற்பத்தாறு ரிங்கிட் ஐம்பத்தாறு காசு.
அதன்மேல் பத்து விழுக்காடு சேமநிதி.
வங்கிக் கடன் முடிந்தாலும் இது முடியாது.
மருந்து அட்டையின் ஓரத்தில் கூட்டிப் பார்த்து
அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

இதெல்லாம் பொறுக்கலாம்.
பதினொன்றாம் பக்கத்தில்தான் பென்சில் நின்றது.
இரவு பத்து முதல் காலை ஏழு வரை அமைதி.
துளையிடல், இடித்தல், ஓடு பதித்தல்
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

எனக்கு இரவு
காலை எட்டே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும்.

யாரும் எனக்கு எதிராக இதை எழுதவில்லை.
எழுதியபோது நான் அறையில் இல்லை,
அவ்வளவுதான்.
அறையில் யார் இருந்தார்கள் என்று சுரயாவிடம் கேட்டேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டில்
போன வருடக் கூட்டத்துக்கு வந்தது இருபத்திரண்டு பேர்.
கட்டணம் பாக்கி வைத்தவர் கை தூக்க முடியாது.
"பிஸ்கட்தான் மீந்துபோச்சு" என்றாள்.

இருபத்திரண்டு பேர்
முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டின் துணியை
உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள்.
இருபத்து மூன்றாவதாக ஒருத்தி,
தூக்கம் கெட்டு, கண் சிவந்து,
கை தூக்கினால் என்ன ஆகும் என்று
விதிப் புத்தகத்தில் இல்லை.

செவ்வாய் பகல், டியூட்டி முடிந்து, தூங்காமல்,
பதிமூன்று ஏ-யின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.
காவலர் மேலே வந்து பார்த்தார்.
"வீடு பார்க்கிறேன்" என்றேன். கண்ணை மூடியிருந்தேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

யாரோ கறி தாளித்தார்கள்.
ஒரு குழந்தை ஒரே பியானோ வரியில் நான்கு முறை தவறியது.
அதுகூட நன்றாகத்தான் இருந்தது.
அப்புறம் மேலே எங்கோ டிரில் ஆரம்பித்தது,
கடைவாய்ப்பல் வரை வந்தது.

போன் அடித்தது. கூய்.
"அக்கா, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க,
புக்கிங் பணம் இன்னிக்கே போட்டா நல்லது,
என்ன சொல்றீங்க?"

"சத்தமாப் பேசுங்க" என்றேன்,
"இங்க ஒண்ணும் கேக்கல."